வழக்கிற்கு வெளியே நிற்பவர்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் வாழ்த்துரைகளுக்குக் குறைவிராது. அவற்றைச் சொல்லத் தகுதி வாய்ந்தோர் பலர் இங்கு வீற்றிருக்கின்றனர். எமக்குப் பணிக்கப்பட்டிருப்பதோ சற்று வறண்ட பொருள். இருவர் தொடுத்து நடத்தும் உரிமையியல் வழக்கில், மூன்றாம் தரப்பினர் ஒருவரை நீதிமன்றம் அழைப்பது எப்பொழுது, அவ்வாறு அழைக்கப்படாதவர் தாமே உள்ளே வர வழி உண்டா என்பதே அப்பொருள். இது வழக்குரைஞர்களுக்கு உரிய பொருளன்றோ, கல்விக் கழகத்தின் விழாவில் இதற்கு என்ன வேலை என்று சிலர் எண்ணலாம். எழுத்தறிவு என்பது பாடநூலைப் படிக்கும் திறனோடு முடிந்துவிடுவதன்று. வீட்டு வாசலுக்கு வரும் அழைப்பாணையைப் படித்துப் பொருள் கொள்வதும் எழுத்தறிவே. நம் முன்னோர் நிலம் இழந்த வரலாற்றை நோக்கினால், வன்முறையால் இழந்ததும் உண்டு, தாளில் எழுதிய எழுத்தால் இழந்ததும் உண்டு. நமக்குத் தெரியாமலே, நம் பெயர் இல்லாமலே நடந்து முடிந்த வழக்குகள் அவ்விரண்டாம் வகையில் அடங்கும். ஆதலின் இப்பொருள் நமக்கு உரியதே.

கேட்டபின் தீர்ப்பு

ஒருவரைக் கேளாமல் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லலாகாது என்பது நீதியின் அடிப்படை. இதனைத் தமிழர்க்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டுவதில்லை. பொற்கொல்லன் சொல்லை மட்டும் கேட்டுக் கோவலனை வரவழைத்து விசாரியாமல் விட்ட பாண்டியன், தன் உயிரையே அதற்கு விலையாகத் தந்த கதையை நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். அங்கே தவறு தண்டனையின் கடுமையில் மட்டும் இல்லை. யாருடைய உயிர் போகவிருந்ததோ, அவன் அவைக்கு அழைக்கப்படவில்லை என்பதில்தான் முதல் தவறு இருந்தது.

உரிமையியல் வழக்கிலும் இதுவே நெறி. வழக்குத் தொடுப்பவர் வாதி. யார்மீது தொடுக்கப்படுகிறதோ அவர் பிரதிவாதி. யார்மீது வழக்குத் தொடுப்பது, எந்தப் பரிகாரத்தைக் கேட்பது என்பதை வாதியே முடிவு செய்கிறார். வழக்கின் தலைவர் அவரே என்பது நெடுங்காலமாக நிலவும் கோட்பாடு. ஆனால் வாதி தமக்கு வசதியானவர்களை மட்டும் சேர்த்து, உண்மையில் பாதிக்கப்படக் கூடியவரை விட்டுவிட்டால் என்ன ஆகும்? அந்த நிலைக்குத்தான் 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்துள்ளது.

சட்டம் சொல்வது என்ன?

அச்சட்டத்தின் முதல் கட்டளையில் பத்தாம் விதியின் இரண்டாம் உட்பிரிவே அக்கதவு. வழக்கின் எந்நிலையிலும், எந்தத் தரப்பினரேனும் மனுச் செய்தாலும், எவரும் மனுச் செய்யாவிடினும், நீதிமன்றம் இருவகைச் செயல்களைச் செய்யலாம். தவறாகச் சேர்க்கப்பட்டவரின் பெயரை நீக்கலாம். சேர்க்கப்பட்டிருக்க வேண்டியவரையோ, வழக்கில் எழும் கேள்விகள் அனைத்தையும் முழுமையாகவும் பயனுடனும் தீர்ப்பதற்கு எவருடைய முன்னிலை தேவையோ அவரையோ புதிதாகச் சேர்க்கலாம். ஆயினும் ஒருவரை அவருடைய இசைவின்றி வாதியாகச் சேர்த்தல் இயலாது. பிரதிவாதியாகச் சேர்க்க அத்தகைய இசைவு வேண்டுவதில்லை.

இங்கே இரு சொற்களை நாம் பிரித்தறிதல் வேண்டும். ஒருவர் "அவசியமான தரப்பினர்", மற்றவர் "உரிய தரப்பினர்". எவர் இல்லாமல் பயனுள்ள ஆணை எதனையும் பிறப்பிக்கவே இயலாதோ அவர் அவசியமான தரப்பினர். எவர் இல்லாமலும் ஆணை பிறப்பிக்க முடியும், ஆயினும் பிரச்சினை முழுதும் இறுதியாகத் தீர அவர் இருப்பது நலமோ அவர் உரிய தரப்பினர். உச்ச நீதிமன்றம் வகுத்துத் தந்த இலக்கணம் இது. ஒரு குடும்பத்துச் சொத்தைப் பாகம் பிரிக்கக் கோரும் வழக்கில் ஒரு பங்காளியை, அவர் மகளாயினும் மகனாயினும், விட்டுவிட்டால் அவ்வழக்கு நிற்காது. அவர் அவசியமான தரப்பினர்.

தரப்பினரைத் தவறாகச் சேர்த்ததாலோ சேர்க்காமல் விட்டதாலோ ஒரு வழக்குத் தோற்றுவிடாது என்று முதல் கட்டளையின் ஒன்பதாம் விதி கூறுகிறது. ஆயினும் 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் அதனோடு ஒரு வரம்புரையைச் சேர்த்தது. அவசியமான தரப்பினரைச் சேர்க்காத குறைக்கு இந்தப் பாதுகாப்புப் பொருந்தாது என்பதே அது. ஆகவே அவசியமான தரப்பினரை விட்டுவிட்டு நடத்தப்படும் வழக்கு, எத்தனை ஆண்டுகள் நடந்தாலும் அடித்தளம் இல்லாத வீடே.

சாட்சியாக அழைக்கப்படுவதும் தரப்பினராக அழைக்கப்படுவதும் ஒன்றல்ல. சாட்சி கூண்டேறித் தாம் அறிந்ததைச் சொல்லிவிட்டுப் போகிறார். தீர்ப்பு அவரைக் கட்டுப்படுத்தாது. தரப்பினரோ மறுப்புரை தாக்கல் செய்யலாம், குறுக்கு விசாரணை செய்யலாம், மேல்முறையீடு செய்யலாம். தீர்ப்பும் அவரைக் கட்டுப்படுத்தும். கையில் கிடைத்த அழைப்பாணை இவ்விரண்டில் எது என்று பார்ப்பதே முதல் வேலை.

கதவு எல்லார்க்கும் திறப்பதில்லை

கதவு இருக்கிறது என்பதனால் தட்டிய எவர்க்கும் அது திறந்துவிடும் என்று எண்ணிவிடலாகாது. சொத்துப் பற்றிய வழக்கில் சேர விரும்புபவர்க்கு அச்சொத்தில் நேரடியான நலன் இருத்தல் வேண்டும், வெறும் வணிக நலன் போதாது என்று 1958-இல் உச்ச நீதிமன்றம் உரைத்தது. 2005-இல் தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் அந்நீதிமன்றம் மேலும் ஒரு தெளிவைத் தந்தது. விற்பதாக ஒப்புக்கொண்டவர் விற்கவில்லை, ஒப்பந்தப்படி கிரயம் செய்து தர ஆணையிட வேண்டும் என்று வாங்குபவர் தொடுத்த வழக்கு அது. அச்சொத்து தமக்கே உரியது என்று தனித்த உரிமை கொண்டாடுபவர் அவ்வழக்கிற்குள் வர முடியாது என்று கூறப்பட்டது. அவ்வழக்கின் கேள்வி ஒப்பந்தம் பற்றியது. அதனை உரிமை மூல வழக்காக மாற்றிவிட இயலாது. உரிமை கொண்டாடுபவர் தனி வழக்குத் தொடுத்துக்கொள்ள வேண்டியதே. 2010-இல் மும்பை வானூர்தி நிலைய நிறுவனம் தொடர்பான வழக்கிலும், தரப்பினராகச் சேர்க்கப்படுவது எவருடைய பிறப்புரிமையும் அன்று, நீதிமன்றம் தன் உசிதப்படி முறையாக முடிவு செய்ய வேண்டியது என்று விளக்கப்பட்டது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்று. மனு எழுதும் முன், "இவ்வழக்கில் உண்மையான கேள்வி எது? அக்கேள்விக்கு விடை சொல்ல நாம் தேவையா?" என்று ஆராய வேண்டும். "நிலம் எங்களுடையது" என்று மட்டும் எழுதினால் போதாது. நம்மை விட்டுவிட்டு இவ்வழக்கைத் தீர்ப்பது ஏன் இயலாது என்பதை எழுத வேண்டும்.

பஞ்சமி நிலமும் பெயரில்லாத உரிமையாளரும்

இனி நம் வாழ்வோடு இணைந்த இடங்களுக்கு வருவோம். 1891-இல் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் பொறுப்பிலிருந்த திரமென்கீர், நம் மக்களின் நிலையை ஆராய்ந்து அறிக்கை அளித்தார். அதன் பயனாக 1892 செப்டம்பர் 30-ஆம் நாளிட்ட அரசாணை பிறந்தது. நிலமற்ற ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தரிசு நிலங்கள் நிபந்தனையோடு ஒப்படை செய்யப்பட்டன. பத்தாண்டுகளுக்கு அந்நிலத்தை எவருக்கும் கைமாற்றலாகாது. அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே அன்றிப் பிறருக்குக் கைமாற்றலாகாது. இதுவே நிபந்தனை. ஆயினும் அந்நிலங்களுள் பல, கடனுக்காகவும் அச்சத்தாலும் ஏமாற்றாலும் பிறர் கைக்குப் போயின. அவற்றை மீட்கக் கோரிச் செங்கற்பட்டில் 1994 அக்டோபர் 10-ஆம் நாள் நடந்த போராட்டத்தில் காவல் துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிர் நீத்ததை இங்குள்ள மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள்.

ஓர் எடுத்துக்காட்டைக் கருதுவோம். நிபந்தனைப் பட்டா நிலம் ஒன்றைப் பிற வகுப்பினர் ஒருவர் எப்பொழுதோ கிரயம் வாங்கியதாக ஆவணம் வைத்திருக்கிறார். இன்று அவர் பிள்ளைகளுக்கும் அடுத்த நிலத்துக்காரருக்கும் இடையில் உரிமை மூல வழக்கு நடக்கிறது. இருவருமே நிலம் தமதென்கின்றனர். ஒப்படை பெற்றவரின் பேரன் அதே ஊர்க் காலனியில் கூலி வேலை செய்துகொண்டிருக்கிறான். வழக்கில் அவன் பெயர் இல்லை. நிபந்தனை விதித்த அரசின் பெயரும் இல்லை. அவ்விருவரும் தமக்குள் சமரசம் பேசி ஒரு தீர்ப்பாணையைப் பெற்றுவிட்டால், நிபந்தனை என்ற சொல்லே எழாமல் நிலம் ஒரு கையில் உறுதிப்பட்டுவிடும்.

சட்டப்படி அத்தீர்ப்பாணை பேரனைக் கட்டுப்படுத்தாது என்பது உண்மை. உரிமை விளம்பும் தீர்ப்பு, வழக்கின் தரப்பினரையும் அவர்கள் வழியாக உரிமை கோருவோரையும் மட்டுமே கட்டுப்படுத்தும் என்று 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வழிச் சட்டம் 35-ஆம் பிரிவில் சொல்கிறது. ஆனால் வட்டாட்சியர் அலுவலகத்தில் அத்தாள் காட்டப்படும்பொழுது பட்டா மாறும். பட்டா மாறினால் வங்கிக் கடன் கிடைக்கும், வேலி போடப்படும், மனைகள் பிரிக்கப்படும். பத்தாண்டு கழித்துப் பேரன் நீதிமன்றம் சென்றால் இத்தனை மாற்றங்களையும் எதிர்த்து அவன் போராட வேண்டும். வழக்கு நிலுவையில் இருக்கும்பொழுதே, தன்னையும் அரசையும் பிரதிவாதிகளாகச் சேர்க்குமாறு அவன் மனுச் செய்தல் எளிது. அங்கே கேள்வி உரிமை மூலம் பற்றியது. ஆதலால் 2005-ஆம் ஆண்டுத் தீர்ப்பு அவனுக்கு எதிராக நிற்பதில்லை. அதுவே விற்பனை ஒப்பந்த வழக்காக இருப்பின், அவன் தன் உரிமைக்குத் தனி வழக்கே தொடுக்க வேண்டும். இந்த வேறுபாட்டை நம் இளைஞர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

அரசு எங்கே?

நம் வீட்டுமனைகள் பல, 1978-ஆம் ஆண்டின் ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கான நில எடுப்புச் சட்டத்தின்கீழ்க் கையகப்படுத்தப்பட்டு, அரசால் பட்டாவாக வழங்கப்பட்டவை. பழைய நிலவுரிமையாளரின் வாரிசுகள், மனை பெற்ற நால்வர்மீது மட்டும் வழக்குத் தொடுத்து, "இவர்கள் அத்துமீறிக் குடியேறியவர்கள்" என்று சொல்வதுண்டு. அந்த நால்வரிடம் பட்டாத் தாள் மட்டுமே இருக்கும். நில எடுப்புக் கோப்பு, இழப்பீடு வழங்கிய பதிவு, நிலத்தைக் கையகப்படுத்திய நாள் ஆகிய அனைத்தும் அரசிடம் இருக்கும். அரசைச் சேர்க்காத வழக்கில் மனைதாரர் கையில் ஆயுதமின்றி நிற்பவரே. இத்தகைய வழக்கில் பிரதிவாதி செய்ய வேண்டிய முதல் வேலை, தம் மறுப்புரையிலேயே "எமக்கு உரிமை தந்தது அரசு, அவசியமான தரப்பினராகிய அரசு சேர்க்கப்படவில்லை" என்று எழுதுதல். இரண்டாம் வேலை, அரசைச் சேர்க்க மனுச் செய்தல்.

அரசு அலுவலர் ஒருவர் தம் பதவியின் வழியாகச் செய்த செயலுக்காக அவர்மீது வழக்குத் தொடுக்கப்பட்டால், அரசும் தரப்பினராகச் சேர்க்கப்பட வேண்டும் என்பது 27-ஆம் கட்டளையின் 5-அ விதி. வட்டாட்சியரை மட்டும் பெயரளவில் சேர்த்துவிட்டு அரசை விட்டுவிடுதல் கூடாது. இன்னொன்றும் நினைவிருக்கட்டும். வாதியாக நின்று அரசுக்கு எதிராகப் பரிகாரம் கோருபவர், 80-ஆம் பிரிவின்படி இரண்டு மாத முன்னறிவிப்புத் தருதல் வேண்டும். அவசர நிலையில் நீதிமன்றத்தின் அனுமதி பெற்று அறிவிப்பின்றியும் வழக்குத் தொடுக்கலாம்.

விற்றவரை அழைத்தல்

மூன்றாம் தரப்பினரை அழைக்கும் வழி இன்னொன்றும் உண்டு. நம் கழகம் போன்ற ஒன்று, படிப்பகம் கட்ட மனை வாங்குகிறது என்று கொள்வோம். பின்னர் அயலார் ஒருவர் அம்மனை தமதென்று கழகத்தின்மீது வழக்குத் தொடுக்கிறார். கழகம் தோற்றால் அதன் பணத்துக்கு யார் பொறுப்பு? விற்றவரே. விற்பவர் தமக்கு விற்கும் உரிமை உண்டென்று உறுதி கூறியதாகவே 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் கருதுகிறது. சென்னை உயர் நீதிமன்றம் நடைமுறைச் சட்டத்தோடு சேர்த்துள்ள 8-அ கட்டளையின்படி, பிரதிவாதியாகிய கழகம் நீதிமன்றத்தின் அனுமதியோடு விற்றவருக்கு மூன்றாம் தரப்பு அறிவிப்பு அனுப்பலாம். "நான் தோற்றால் எனக்கு நீ ஈடு செய்ய வேண்டும், ஆகவே வந்து வழக்காடு" என்பதே அவ்வறிவிப்பின் சாரம். இதனால் இரு வழக்குகளுக்கு மாறாக ஒரு வழக்கே போதுமானதாகிறது. பின்னாளில் "வழக்குச் சரியாக நடத்தப்படவில்லை" என்று விற்றவர் சாக்குச் சொல்லவும் இடமிராது.

ஊரார் சார்பில் வழக்கு

கிணறு, குளம், சுடுகாட்டுப் பாதை ஆகியன பற்றிய வழக்குகளில் வேறொரு விதி குறுக்கிடுகிறது. ஒரே நலன் உடையோர் பலர் இருப்பின், சிலர் அனைவர் சார்பிலும் வழக்காட முதல் கட்டளையின் எட்டாம் விதி இடம் தருகிறது. இதற்குத் தக்க சான்று அண்ணல் அம்பேத்கர் வாழ்விலேயே உள்ளது. 1927 மார்ச் 20-இல் மகாத் நகரின் சவுதார் குளத்து நீரை அண்ணலும் மக்களும் அருந்தினர். அதே ஆண்டு டிசம்பரில் அவர்கள் மீண்டும் கூடவிருந்தபொழுது, சாதி இந்துக்கள் உரிமையியல் நீதிமன்றத்தை அணுகினர். தம்மைத் தம் மக்களின் சார்பாளராகவும், அண்ணலையும் சிலரையும் தீண்டப்படாதார் எனப்பட்ட மக்கள் அனைவரின் சார்பாளராகவும் வைத்து வழக்குத் தொடுத்துத் தற்காலிகத் தடையுத்தரவும் பெற்றனர். அண்ணல் அத்தடையை மீறவில்லை. நீதிமன்றத்திலேயே போராடினார். குளம் தனியார்க்கு உரியதா, நகராட்சியின் பொறுப்பில் உள்ளதா, விலக்கி வைக்கும் வழக்கம் தொன்றுதொட்டு வருவதா என்பன கேள்விகளாயின. 1937 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றம், அத்தகைய தொன்மையான வழக்கம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று கூறிச் சாதி இந்துக்களின் மேல்முறையீட்டைத் தள்ளியது. ஏறத்தாழப் பத்தாண்டு வழக்கு அது.

இதில் நாம் கவனிக்க வேண்டுவது யாது? ஓரிருவர் பெயரில் நடக்கும் வழக்கின் முடிவு ஊரார் அனைவரையும் கட்டுப்படுத்தக் கூடும். அதனாலேயே அவ்விதி ஒரு காப்பையும் தருகிறது. அவ்வாறு வழக்குத் தொடுக்க அனுமதி கிடைத்தால், நேரிலோ, ஆட்கள் மிகுதியாயின் நாளிதழ் விளம்பரத்தாலோ அனைவருக்கும் அறிவிப்புத் தர வேண்டும். அறிவிப்பைக் கண்ட எவரும் தம்மைத் தரப்பினராகச் சேர்க்குமாறு கேட்கலாம். நாளிதழின் ஓரத்தில் சிறிய எழுத்தில் வரும் நீதிமன்ற விளம்பரங்களைப் படிக்கும் பழக்கம் நம் படிப்பகங்களில் வளர வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதன் பொருட்டே.

மனுச் செய்யும் முறை

உள்ளே வர விரும்புபவர் இடைக்கால மனு ஒன்றைப் பிரமாண வாக்குமூலத்தோடு தாக்கல் செய்ய வேண்டும். தாம் யார், சொத்தில் தம் நலன் யாது, எந்த ஆவணம் அதனைக் காட்டுகிறது, தாம் இல்லாவிடின் எந்தக் கேள்வி தீராது போகும் என்பவற்றை வாக்குமூலத்தில் முறையாகக் கூற வேண்டும். 'அ' பதிவேட்டின் நகல், ஒப்படை ஆணை, அடங்கல், வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவற்றுள் கிடைத்தவற்றை இணைக்க வேண்டும். கிடையாதவற்றை 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாகக் கேட்டுப் பெற முயலலாம். ஏற்கெனவே உள்ள தரப்பினர் மறுப்புக் கூற வாய்ப்புத் தரப்பட்டபின் நீதிமன்றம் ஆணையிடும். மனு ஏற்கப்பட்டால் வழக்குரை திருத்தப்படும். அதன் நகலும் அழைப்பாணையும் புதிய பிரதிவாதிக்கு வழங்கப்படும்.

காலத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. புதிதாகச் சேர்க்கப்பட்ட தரப்பினரைப் பொறுத்தவரை, அவர் சேர்க்கப்பட்ட நாளிலேயே வழக்குத் தொடுக்கப்பட்டதாகக் கொள்வது 1963-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு. நன்னம்பிக்கையில் நேர்ந்த பிழையால் விடுபட்டிருந்தால் மட்டும் முந்தைய நாளை நீதிமன்றம் குறிக்கலாம். ஆகவே நாம் வாதியாக இருக்கையில், சேர்க்க வேண்டியவரைச் சேர்க்காமல் நாளைக் கடத்தினால், அவருக்கு எதிரான நம் உரிமை காலாவதியாகிவிடக் கூடும்.

அழைப்பாணை வந்தால்

அழைப்பாணையை வாங்க மறுப்பது வீரம் என்ற எண்ணம் சிலரிடம் உண்டு. வாங்க மறுத்தால் கதவில் ஒட்டிவிட்டுப் போவர். சட்டப்படி அது சேர்ந்ததாகவே கொள்ளப்படும். குறித்த நாளில் செல்லாவிடின் ஒருதலையாகத் தீர்ப்பாகும். வாங்கிய நாளிலிருந்து 30 நாளில் மறுப்புரை தாக்கல் செய்தல் வேண்டும். தக்க காரணம் காட்டினால் 90 நாள் வரை நீதிமன்றம் நீட்டித் தரலாம். ஒருதலைத் தீர்ப்பு ஆகிவிட்டால், அதனை நீக்கக் கோர 30 நாளே உண்டு. அழைப்பாணை முறையாகச் சேராதிருந்தால், தீர்ப்பை அறிந்த நாளிலிருந்து அக்கணக்குத் தொடங்கும்.

தரப்பினர் ஒருவர் இறந்தால், 90 நாளுக்குள் அவர் வாரிசுகளைச் சேர்க்காவிடின் அவரைப் பொறுத்தவரை வழக்கு அற்றுப்போகும். தந்தை நடத்திய வழக்கைப் பிள்ளைகள் அறியாதிருக்கும் வீடுகள் நம்மிடையே பல உள்ளன. எனவே வழக்கு எண்ணையும் நீதிமன்றத்தின் பெயரையும் குடும்பத்தார் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். வழக்கு நிலுவையில் உள்ள மனையை மலிவு என்று எண்ணி வாங்குவோர்க்கும் ஒரு சொல்: சொத்து மாற்றுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, வழக்கின் முடிவு அவ்வாறு வாங்கியவரையும் கட்டுப்படுத்தும்.

எல்லாம் முடிந்து, நாம் தரப்பினராக இல்லாத வழக்கின் தீர்ப்பாணையோடு அமீனா வந்து நின்றால்? அப்பொழுதும் வழி அடைபடவில்லை. கைகலப்பில் இறங்க வேண்டா. நம் உரிமையைச் சொல்லி எழுத்து வடிவில் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். 21-ஆம் கட்டளையின் 97 முதல் 101 வரையுள்ள விதிகளின்படி, நிறைவேற்றும் நீதிமன்றமே நம் உரிமையை விசாரித்து முடிவு செய்யும். தனி வழக்கு வேண்டுவதில்லை. வெளியேற்றப்பட்டுவிட்டால், அந்நாளிலிருந்து 30 நாளுக்குள் மனுச் செய்தல் வேண்டும். அந்த முப்பது நாளை அழுகையிலும் ஆத்திரத்திலும் கழித்துவிட்டு, பின்னர் வழக்குரைஞரைத் தேடிச் செல்வோரை நாம் காண்கிறோம். அந்நிலை மாற வேண்டும்.

நாம் செய்யத் தக்கது

வழக்காடப் பணம் ஏது என்ற கேள்வி எழும். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், அட்டவணைச் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் வருமான வரம்பு இன்றி இலவசச் சட்ட உதவி பெறும் தகுதியை 12-ஆம் பிரிவில் தந்துள்ளது. வட்டந்தோறும் சட்டப் பணிகள் குழு இயங்குகிறது. இது எவரும் இரங்கி இடும் பிச்சையன்று. கேட்டுப் பெறத் தக்க உரிமை.

கழகத்தின் இளைஞர்களுக்கு மூன்று பணிகளை முன்வைக்கிறோம். முதலாவது, நம் காலனியின் மனைப் பட்டாக்கள், நிபந்தனை நிலங்கள், பொதுப் பாதைகள் ஆகியவற்றின் புல எண்களை ஒரு பதிவேட்டில் எழுதி, ஆவண நகல்களோடு கழகத்தில் வைத்தல். இரண்டாவது, அந்நிலங்களைச் சூழ்ந்துள்ளோர் பெயரில் ஏதேனும் வழக்கு நடக்கிறதா என்று அவ்வப்பொழுது நோக்குதல். நீதிமன்றங்களின் இணையச் சேவையில் தரப்பினர் பெயரைக் கொண்டு வழக்கின் நிலையை இந்நாளில் எவரும் காணலாம். மூன்றாவது, அழைப்பாணையோ அறிவிப்போ பெற்ற எவரும் அன்றே கழகத்திற்கு வந்து காட்டத் தக்க ஏற்பாட்டைச் செய்தல். வந்த நாளைக் குறித்து வைத்து, மறுநாளே அவரைச் சட்டப் பணிகள் குழுவிற்கு அழைத்துச் செல்லும் பொறுப்பை இளைஞர் இருவர் ஏற்க வேண்டும்.

நூற்றாண்டுகளாக ஊர் அவைகளில் நம்மைப் பற்றிப் பேசினார்கள். நம்மோடு பேசவில்லை. நம் பாதை, நம் நீர், நம் கூலி, நம் குடியிருப்பு ஆகிய அனைத்தும் நாம் இல்லாத இடத்தில் முடிவு செய்யப்பட்டன. இன்று சட்டம் நமக்கு ஓர் இருக்கையை ஒதுக்கியுள்ளது. நாம் எழுந்து, "எங்கள் பெயரையும் சேருங்கள்" என்று உரிய காலத்தில், உரிய தாளோடு கேட்டால் அன்றி அவ்விருக்கை நமக்குக் கிட்டாது. இக்கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளுக்கு எழுத்தைக் கற்பித்தது. அவ்வெழுத்தைக் கொண்டு நம் நிலத்தையும் மனையையும் காத்துக்கொள்ளும் பணி அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கு உரியதாகட்டும்.